அஃபிலியேட் லிங்க்கை எங்க போடறது? யூடியூப், இன்ஸ்டாகிராம், பின்டரெஸ்ட், டெலிகிராம்: நாலையும் பண்ணிப் பாத்துட்டு எழுதறேன்

அஃபிலியேட் பத்தி என்கிட்ட கேக்கறவங்க பாதிப்பேர் மொதல்ல கேக்கறது "எந்த கம்பெனி கமிஷன் ஜாஸ்தி தருது"ன்னு தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், சதவீதத்தை மட்டும் பாத்து மூணு நாலு புரோகிராம்ல சேந்து, கெடைச்ச லிங்க்கை எல்லாம் கெடைச்ச எடத்துல எல்லாம் போட்டு, ஒரு வருஷம் கிட்டத்தட்ட வீணாப்போச்சு. இப்போ அஞ்சு வருஷம் ஆச்சு, வேலைக்குப் பக்கத்துல இது ஒரு நெலையான சின்ன வருமானமா இருக்கு. நான் சொல்றது பெரும்பாலும் வீட்லேருந்து வேலை பாக்கறவங்களுக்கான சாமான், மைக், ஹெட்போன், லைட், லேப்டாப் ஸ்டாண்ட் மாதிரி. உங்க துறை வேறயா இருக்கலாம், ஆனா எந்த எடத்துல போடறது, யாரோட லிங்க்கைப் போடறதுங்கற ரெண்டு கேள்வியும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

ஆரம்பிக்கறவங்களுக்காக ரெண்டு வரி. ஒரு கடையோட அஃபிலியேட் புரோகிராம்ல சேந்தா உங்களுக்குன்னு ஒரு லிங்க் குடுப்பாங்க, அதை ஒருத்தர் அமுக்கினா அவங்க பிரவுசர்ல ஒரு குக்கி, அதாவது அவங்க உங்க மூலமா வந்தாங்கன்னு காட்டற சின்ன அடையாளம், உக்காரும், அந்த குக்கி உயிரோட இருக்கற நேரத்துக்குள்ள அவங்க வாங்கினா உங்களுக்கு ஒரு பங்கு. வாங்கறவங்களுக்கு இதனால வெலை ஏறாது, அந்தப் பங்கு கடைக்காரர் விளம்பரத்துக்குன்னு ஒதுக்கி வச்ச காசுலேருந்து வருது. அமேசான் 1996-லயே இதை ஆரம்பிச்சாச்சு, அதனால புதுசா வந்த ஏதோ திட்டம்னு யாராவது ஆசை காட்டி சேர்றதுக்கே காசு கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க, நல்ல அஃபிலியேட் புரோகிராம்ல பெரும்பாலும் சேர்றதுக்குக் காசு வாங்கறதில்ல.

மொதல்ல யாரோட லிங்க்குங்கறதைப் பாத்துடுவோம், ஏன்னா எங்க போடறதுங்கறது அதை வச்சுத்தான் மாறும்.

அமேசான் மாதிரி பெரிய கடைகளோட புரோகிராம்ல கமிஷன் கம்மி, பொருள் வகையைப் பொறுத்து ஒரு சதவீதம், மூணு சதவீதம், நாலு சதவீதம்னு வரும். அமேசான்ல குக்கியும் 24 மணி நேரம்தான். கேக்கறப்போ ரொம்ப மோசமா தெரியும். ஆனா அதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, அந்த 24 மணி நேரத்துக்குள்ள அவங்க கார்ட்ல போட்டுட்டா, ஆர்டர் பண்ண 90 நாள் வரைக்கும் டைம் உண்டு. இன்னொண்ணு, நீங்க காட்டின பொருளை வாங்காம அதே கடையில வேற எதை வாங்கினாலும் பெரும்பாலும் உங்களுக்குக் கணக்காகும். என்னோட ரிப்போர்ட்ல நான் பேசவே பேசாத சாமான் பாதிக்குப் பாதி இருக்கும். ஜனங்களுக்கு அந்தக் கடையில ஏற்கனவே அக்கவுன்ட் இருக்கு, கார்டு பதிஞ்சு வச்சிருக்காங்க, அட்ரஸ் இருக்கு, ரெண்டு தட்டுல வாங்கிடுவாங்க. இந்த சௌகரியத்துக்குத்தான் நான் கம்மி கமிஷனை ஏத்துக்கறேன்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்க. பெரிய கடை லிங்க்கை 100 பேர் அமுக்கறாங்க, 6 பேர் ஆளுக்கு 1000-க்கு வாங்கறாங்க, 3 சதவீதம்னா 180. அதே 1000 மதிப்புள்ள ஒரு ஆன்லைன் கோர்ஸ், 40 சதவீதம் கமிஷன், ஆனா யாருக்கும் தெரியாத கம்பெனி, 400 பேர் அமுக்கினா ஒருத்தர் வாங்கறார், அப்போ 400 கிளிக்குக்கு 400, அதாவது 100 கிளிக்குக்கு 100. சதவீதம் பதிமூணு மடங்கு ஜாஸ்தி, கைக்கு வர்றது கம்மி. இந்தத் தொழில்ல ஒரு கிளிக்குக்கு சராசரியா எவ்ளோ வருதுன்னு பாக்கறதை இபிசின்னு சொல்வாங்க, அந்த நம்பரைத்தான் நான் எல்லாத்துக்கும் அளவுகோலா வச்சிருக்கேன். உங்க ஆளுங்களைப் பொறுத்து இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாவும் போகும், வெப்சைட் டிசைன் பண்றவங்களே உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னா ஒரு நல்ல சாஃப்ட்வேர் லிங்க் பெரிய கடையைத் தூக்கி சாப்ட்டுடும்.

பெரிய கடையில இருக்கற பயம் என்னன்னா ரேட் முழுக்க அவங்க கையில. 2020 ஏப்ரல்ல அமேசான் அமெரிக்காவுல திடீர்னு கமிஷனைக் குறைச்சாங்க, ஃபர்னிச்சர், வீட்டுச் சாமான் எல்லாம் 8 சதவீதத்துலேருந்து 3-க்கு வந்துச்சு, மளிகை 5-லேருந்து 1-க்கு. அதையே நம்பி முழுநேரமா ஓடிக்கிட்டு இருந்தவங்களுக்கு ஒரே ராத்திரியில வருமானம் பாதிக்குக் கீழ போயிருக்கும், அவங்க தப்பு எதுவும் இல்ல. அதனால தான் வரவு முழுசையும் ஒரே கடையில வைக்காதீங்கன்னு சொல்றேன். அமேசான்ல சேர்றவங்க தெரிஞ்சுக்க வேண்டிய சட்டதிட்டமும் கொஞ்சம் இருக்கு: சேந்த 180 நாளுக்குள்ள மூணு விற்பனையாவது நடந்தாகணும், இல்லேன்னா அக்கவுன்ட்டை மூடிடுவாங்க, மறுபடி சேரலாம், ஆனா பழைய லிங்க் எல்லாம் போச்சு. நம்ம லிங்க்லயே நாமளே வாங்கினா கமிஷன் கெடையாது. அப்பறம் பணம் அந்த மாசம் முடிஞ்சு சுமார் 60 நாள் கழிச்சுத்தான் வரும், நடுவுல ரிட்டர்ன் ஆனதெல்லாம் கழிஞ்சிடும். ஜனவரியில வித்தது மார்ச் கடைசியில கைக்கு வருதுன்னா, மொத ரெண்டு மூணு மாசம் ஒண்ணுமே வரலியேன்னு விட்டுட்டுப் போறவங்க எத்தனை பேரு.

ரெண்டாவது வகை, நெட்வொர்க், அதாவது பல பிராண்டோட புரோகிராமை ஒரே எடத்துல சேத்து வச்சிருக்கற நடுத் தளம். அவின், சிஜே, இம்பாக்ட், ரகுட்டன் மாதிரி. ஒரே அக்கவுன்ட்ல நூத்துக்கணக்கான பிராண்டுக்கு விண்ணப்பிக்கலாம், குக்கி 30 நாள்ங்கறது இங்க சகஜம், சில பிராண்டு அதுக்கும் மேல தரும். ஆனா ஒவ்வொரு பிராண்டும் தனித்தனியா உங்களைப் பாத்து ஓகே சொல்லணும், ஆரம்பத்துல 300 ஃபாலோயர் வச்சுக்கிட்டு போனா பாதி எடத்துல பதிலே வராது. அதனால மொத நாளே இங்க போகாதீங்க, 20, 30 போஸ்ட் போட்டு ஒரு முகம் வந்தப்பறம் போங்க. நெட்வொர்க்கும் நெலையில்ல: ஷேர்அசேல்னு ஒண்ணு 2000-லேருந்து இருந்துச்சு, 2017-ல அவின் வாங்கினாங்க, 2025-ல அந்தத் தளத்தையே மூடிட்டாங்க. எந்த லிங்க்கை எங்க போட்டிருக்கோம்னு ஒரு ஷீட்ல எழுதி வச்சுக்காதவங்களுக்கு இது மாதிரி நேரத்துல தான் கஷ்டம்.

மூணாவது, கம்பெனிகிட்டயே நேரா சேர்றது. சாஃப்ட்வேர், ஹோஸ்டிங், கோர்ஸ், இ-புக் எல்லாம் இந்த வகை. 20, 30, 50 சதவீதம்னு வரும், கிளிக்பேங்க்னு 1998-லேருந்து இருக்கற டிஜிட்டல் பொருள் சந்தையில 75 சதவீதம் வரைக்கும் போட்டிருப்பாங்க. சில சாஃப்ட்வேர் கம்பெனி மாசாமாசம் அவங்க சந்தா கட்டற வரைக்கும் தரும், அது உண்மையிலயே அருமையான ஏற்பாடு, ஒரு தடவை சேத்து விட்டவங்க வருஷக்கணக்கா இருப்பாங்க. ஆனா 75 சதவீதம் தர்ற பொருளைப் பாத்தா நான் இப்போ ஒரு கேள்வி கேப்பேன், முக்கால்வாசியைத் தூக்கிக் குடுத்தா இதைச் செய்யறதுக்கும் வாங்கினவங்களுக்கு உதவி பண்றதுக்கும் அவங்ககிட்ட என்ன மிச்சம் இருக்கும்னு.

இது எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, ரெண்டாவது வருஷம் நான் ஒரு எடிட்டிங் கோர்ஸைச் சொன்னேன். மொத ரெண்டு பாடம் மட்டும் பாத்துட்டு நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன், கமிஷன் பாதிக்குப் பாதி. எட்டு பேர் வாங்கினாங்க. மூணு வாரம் கழிச்சு ஒரு பொண்ணு மெசேஜ் போட்டா, "அக்கா, நீங்க சொன்னீங்கன்னு தான் வாங்கினேன், நாலாவது பாடத்துக்கு மேல வீடியோவே இல்ல, மெயில் போட்டா பதிலும் இல்ல"ன்னு. போய்ப் பாத்தா நெசந்தான். அந்தப் பொண்ணு என்னைத் திட்டல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. வந்த கமிஷனை எட்டு பேருக்கும் திருப்பிக் குடுத்தேன், ரெண்டு பேர் வாங்கிக்கல, வீடியோவையும் எடுத்துட்டேன். அந்த எட்டு பேர்ல எத்தனை பேர் அதுக்கப்பறம் என் லிங்க்ல வாங்கியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா அன்னிலேருந்து முழுசா பயன்படுத்தாத எதையும் சொல்றதில்ல, காசு குடுத்து நானே வாங்கி குறைஞ்சது ஒரு மாசம் வச்சுப் பாத்துட்டுத்தான் பேசுவேன்.

சரி, இப்போ எங்க போடறதுன்னு பாப்போம். எடத்தை எடை போடறதுக்கு நான் பாக்கற விஷயம் ஒண்ணே ஒண்ணு: இன்னிக்குப் போட்ட லிங்க் எத்தனை நாள் உயிரோட இருக்கும்? ஃபாலோயர் எண்ணிக்கை, லைக் எல்லாம் இதுக்கு அப்பறம்தான்.

யூடியூப் நீள வீடியோவுல அது வருஷக்கணக்குல இருக்கும். நான் நாலு வருஷம் முன்னாடி போட்ட ஒரு மைக் ஒப்பீட்டு வீடியோ, பாக்க அவ்ளோ அழகா கூட இருக்காது, லைட்டிங் சரியில்ல, இன்னும் மாசாமாசம் எனக்கு வர்றதுல கால்வாசி அதுலேருந்து தான் வருது. காரணம் சுலபம், அங்க ஜனங்க தேடிக்கிட்டு வர்றாங்க. "இந்த மைக் வாங்கலாமா"ன்னு டைப் பண்றவர் கையில ஏற்கனவே காசு இருக்கு, முடிவு மட்டும்தான் பாக்கி. அவருக்கு பத்து நிமிஷம் உக்காந்து ரெண்டு மைக்லயும் ஒரே வரியைப் பேசிக் காட்டி, ஃபேன் ஓடுறப்போ எது எரைச்சலை இழுக்குதுன்னு காட்டினா அவரே முடிவு பண்ணிக்குவார். லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல, ஒண்ணு பின் பண்ணின கமென்ட்ல. பாக்கறவங்க 500 பேர்தான்னாலும் அதுல அமுக்கறவங்க நெறைய, அமுக்கறவங்கள்ல வாங்கறவங்க நெறைய.

கஷ்டம் எங்கன்னா ஆரம்பம். மொத ஆறு மாசம் யாரும் பாக்க மாட்டாங்க. ஒரு வீடியோவுக்கு எனக்கு பொருளைப் பயன்படுத்திப் பாக்கறதை விட்டுட்டே ரெண்டு நாள் போகும். ஷார்ட்ஸ்ங்கற குட்டி வீடியோ போட்டு வேகமா வளரலாம்னு நினைக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், 2023 ஆகஸ்ட் கடைசியிலேருந்து ஷார்ட்ஸோட டிஸ்கிரிப்ஷன்லயும் கமென்ட்லயும் போடற லிங்க்கை அமுக்க முடியாது, மோசடி லிங்க் ஜாஸ்தியானதால யூடியூப் நிறுத்திட்டாங்க. ஷார்ட்ஸ்லேருந்து உங்க நீள வீடியோவுக்கு ஒரு தொடர்பு வைக்கலாம், நான் அப்படித்தான் பண்றேன், ஷார்ட்ஸ் வாசல், நீள வீடியோ கடை. யூடியூபே சொந்தமா ஷாப்பிங் அஃபிலியேட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, வீடியோவுக்குள்ளயே பொருளை டேக் பண்ணலாம், ஷார்ட்ஸ்லயும் பண்ணலாம், ஆனா சில நாடுகள்ல மட்டும்தான், எந்தக் கடைங்கறதும் அவங்க வச்ச பட்டியல்தான். உங்க நாட்டுல இருந்தா சேந்துக்கோங்க, அதுக்காக டிஸ்கிரிப்ஷன் லிங்க்கை விட்டுடாதீங்க.

இன்ஸ்டாகிராம் நேரெதிர். இங்க யாரும் தேடி வரல, சும்மா தள்ளிக்கிட்டு போறவங்க. கேப்ஷன்ல லிங்க் போட்டா அது வெறும் எழுத்து, அமுக்க முடியாது. ஸ்டோரியில லிங்க் ஸ்டிக்கர் முன்னாடியெல்லாம் 10,000 ஃபாலோயர் இருந்தாத்தான் கெடைச்சுது, 2021 அக்டோபர்லேருந்து எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. பயோவுல 2023-லேருந்து அஞ்சு லிங்க் வரைக்கும் வைக்கலாம். ஸ்டோரி 24 மணி நேரத்துல போயிடும், ஹைலைட்ல வச்சா இருக்கும், ஆனா பழைய ஹைலைட்டை எத்தனை பேர் தொறந்து பாக்கறாங்க? ஒரு ரீல் நல்லா ஓடினா ரெண்டு நாள்ல யூடியூப்ல மாசம் பூரா வர்றதை விட ஜாஸ்தி பேர் பாத்துடுவாங்க, ஆனா நாலாவது நாள் அமைதி. மறுபடி போடணும், மறுபடி, மறுபடி.

அதுல இன்னொரு விஷயம் நெறைய பேர் கவனிக்கறதில்ல. இன்ஸ்டாகிராம்ல லிங்க்கை அமுக்கினா அது பல நேரம் அந்த ஆப்புக்குள்ளயே இருக்கற குட்டி பிரவுசர்ல தொறக்கும். அங்க அவங்க கடையில லாகின் ஆகியிருக்க மாட்டாங்க. பாஸ்வேர்டு கேக்கும், சரி அப்பறம் பாத்துக்கலாம்னு மூடிட்டு, சாயந்திரம் கடையோட ஆப்பைத் தனியா தொறந்து வாங்குவாங்க. பொருள் வித்துச்சு, உங்களால தான் வித்துச்சு, உங்க கணக்குல வராது. இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, முடிஞ்ச வரைக்கும் பிராண்டுகிட்ட கூப்பன் கோட் கேட்டு வாங்கறது. கோட் எந்த பிரவுசர்ல போட்டாலும், எத்தனை நாள் கழிச்சு போட்டாலும், அது என்னோட கோட்னு தெரியும், வாங்கறவங்களுக்கும் கொஞ்சம் வெலை குறையும், அதனால அவங்களே ஞாபகம் வச்சு போடுவாங்க. இன்ஸ்டாகிராம்க்கு கோட், யூடியூப்க்கு லிங்க், இதுதான் என் பழக்கம். கமென்ட்ல ஒரு வார்த்தை போட்டா லிங்க்கை தானாவே மெசேஜ்ல அனுப்பற கருவிகளும் இருக்கு, மேனிசாட் மாதிரி, அது நல்லாவே வேலை செய்யும், கமென்ட் ஏறறதால ரீலும் கொஞ்சம் ஜாஸ்தி பேருக்குப் போகும்.

இதையெல்லாம் சொல்றதால இன்ஸ்டாகிராம் வேஸ்ட்னு அர்த்தமில்ல. துணி, நகை, மேக்கப், வீட்டு அலங்காரம், பாத்த உடனே பிடிச்சு வாங்கற சாமான் எல்லாத்துக்கும் அதுதான் எடம். பேஷன் ஆளுங்களுக்குன்னே எல்டிகேன்னு ஒரு தளம் 2011-லேருந்து, மொதல்ல ரிவார்ட்ஸ்டைல்ங்கற பேர்ல, ஓடிக்கிட்டு இருக்கு, போட்டிருக்கற ஒவ்வொரு உருப்படிக்கும் லிங்க் வச்சு ஒரே எடத்துல காட்டலாம். அப்பறம் உங்க ஸ்டோரியை தெனமும் பாக்கற 200 பேர் இருக்காங்களே, அவங்க வேற எந்த எடத்துலயும் கெடைக்க மாட்டாங்க, அவங்க கேள்வி கேப்பாங்க, நீங்க பதில் சொல்வீங்க, அந்தப் பேச்சுலதான் நம்பிக்கை வளருது. எனக்கு அடுத்த வீடியோ என்ன எடுக்கலாம்ங்கறதே அந்தக் கேள்விகள்லேருந்து தான் வருது.

டிக்டாக் சில நாடுகள்ல கெடையாது, இருக்கற நாட்டுலயும் பயோ லிங்க்குக்கு பொதுவா 1000 ஃபாலோயர் வேணும். டிக்டாக் ஷாப் இருக்கற எடத்துல வீடியோவுக்குள்ளயே வாங்கிடலாங்கறதால வித்தியாசம் பெருசு, ஆனா அங்கயும் ரீல் மாதிரியே தான், ஓட்டம் நின்னா வரவு நின்னுடும்.

பின்டரெஸ்ட்ங்கறது படங்களைப் போட்டு சேத்து வைக்கற தளம், அதை நம்மாளுங்க ரொம்ப பேர் தொடவே மாட்டேங்கறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. முகம் காட்ட வேணாம், கொரல் வேணாம், ஃபாலோயர் கூட பெருசா வேணாம். அது பாக்க சோஷியல் மீடியா மாதிரி இருந்தாலும் உள்ள தேடு பொறி. ஒரு நல்ல படம், அதுல நாலு வார்த்தை, சரியான தலைப்பு, லிங்க், அவ்ளோதான், இப்படிப் போடற படத்தைத்தான் பின்னுன்னு சொல்வாங்க, ஒரு பின் மாசக்கணக்குல சுத்திக்கிட்டே இருக்கும். 2015-ல அஃபிலியேட் லிங்க்கே கூடாதுன்னு எடுத்துட்டாங்க, 2016-ல மறுபடி அனுமதிச்சாங்க, இப்போ நேரடியாவே போடலாம், ஆனா லிங்க்கைச் சுருக்கிப் போடக் கூடாது, ஒரே பின்னைத் திரும்பத் திரும்பப் போட்டா ஸ்பேம்னு தூக்கிடுவாங்க. கொறை என்னன்னா, வீடு, கைவேலை, கல்யாணம், உடுப்பு, படிக்கற மேஜை மாதிரி கண்ணுக்குப் பிடிக்கற விஷயம்தான் அங்க போகும். என் மைக் எதுவும் போகல. ஆனா மேஜையை அழகா அடுக்கி வச்ச படம் ஒண்ணு போட்டேன், அதுல இருந்த லைட் வித்துச்சு. தமிழ்ல தேடறவங்க அங்க கம்மி, அதனால தலைப்பை இங்கிலீஷ்ல வைக்க வேண்டியிருக்கும், அதுவும் மனசுல வச்சுக்கோங்க.

டெலிகிராம், வாட்ஸாப் சேனல்கள். டெலிகிராம்ல சேனல் 2015-லேருந்து இருக்கு, வாட்ஸாப்ல 2023-ல வந்துச்சு. இங்க அல்காரிதம் தொல்லை இல்ல, போட்டா சேந்தவங்க எல்லாருக்கும் போகும். தள்ளுபடி வர்ற நேரத்துல ஒரே நாள்ல நெறைய விக்கும். நான் எட்டு மாசம் ஒரு டீல் சேனல் நடத்தினேன். காலையில ஆறு மணிக்கே எந்திரிச்சு எங்க வெலை குறைஞ்சிருக்குன்னு தேடி, போட்டு, பத்து நிமிஷத்துல ஸ்டாக் முடிஞ்சு, "வெலை மாறிடுச்சே"ன்னு மெசேஜ் வந்து, அதை அழிச்சு, அடுத்ததைத் தேடி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு சேல் ஆரம்பிக்குதுன்னா அதுக்கும் முழிச்சிருந்து. நான் தேடிப் போட்டதை அப்படியே எடுத்து லிங்க்கை மட்டும் மாத்திப் போடற சேனல்கள் வேற. வந்த காசு அப்போ மத்த எடத்தை விட ஜாஸ்திதான், அதை மறைக்கல. ஆனா ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்கு பூஜ்யம். நேத்து போட்ட டீலை இன்னிக்கு யாரும் பாக்க மாட்டாங்க, ஏன்னா அது செத்த லிங்க். அதைவிட எனக்கு உறுத்தினது, ஜனங்களுக்கு வேணாத சாமானை வெலை குறைவுங்கற ஒரே காரணத்துக்காக நான் வாங்க வச்சுக்கிட்டு இருந்தேன். நிறுத்திட்டேன். ரெண்டு மூணு பேர் சேந்து முறை வச்சு நடத்தினா இது ஒரு நல்ல தொழில், தனியாளா வேலைக்கும் போய்க்கிட்டு பண்ண வேணாம்ங்கறது என் கருத்து. பல புரோகிராம்கள்ல எந்தெந்த எடத்துல லிங்க் போடறோம்னு முன்கூட்டியே பதியணும், வெளியாளுங்க பாக்க முடியாத மூடின குரூப்பை ஒத்துக்காத எடமும் இருக்கு, அதனால சேனல் ஆரம்பிக்கற மொத நாளே விதியைப் படிச்சுடுங்க, பின்னாடி மொத்த கமிஷனையும் நிறுத்தி வச்சா வாதாட முடியாது.

ஃபேஸ்புக் குரூப் பத்தி ஒரு வரி போதும்: அடுத்தவங்க குரூப்ல லிங்க் போடாதீங்க, கேக்கறவங்களுக்கு பதில் மட்டும் சொல்லுங்க, உங்க பேரைப் பாத்து அவங்களே தேடி வருவாங்க.

எந்த எடத்தை எடுத்தாலும் ஒரு பிரச்சினை கூடவே வரும், கடைசி கிளிக். பெரும்பாலான புரோகிராம்ல வாங்கறதுக்கு முன்னாடி கடைசியா எந்த லிங்க் அமுக்கினாங்களோ அதுக்குத்தான் கமிஷன். நீங்க இருபது நிமிஷம் வெளக்கி ஒருத்தரை முடிவு எடுக்க வச்சாலும், அவர் பில் போடற நேரத்துல ஒரு கூப்பன் தளத்துக்குப் போய்ட்டு வந்தா அந்தத் தளத்துக்குப் போயிடும். ஹனின்னு ஒரு கூப்பன் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசர்ல சேத்துக்கிட்டா கூப்பனைத் தானா தேடிப் போடற குட்டிக் கருவி, பேபால் அதை சுமார் 400 கோடி டாலர் குடுத்து 2020 ஆரம்பத்துல வாங்கி முடிச்சாங்க, அது இப்படி யூடியூபர்களோட குக்கியை மாத்தி தன்னோடதைப் போட்டுக்குதுன்னு 2024 டிசம்பர்ல ஒரு வீடியோ வந்து பெரிய சண்டையாச்சு, யூடியூபர்கள் கேஸ் போட்டாங்க. கூகுளும் 2025 மார்ச்ல குரோம் எக்ஸ்டென்ஷன் விதியை மாத்தி, வாங்கறவங்களுக்கு நேரடியா ஒரு பலன் இல்லாம அஃபிலியேட் லிங்க்கைச் செருகக் கூடாதுன்னு சொன்னாங்க. அதே ஹனியைத் தங்களோட வீடியோவுல விளம்பரம் பண்ணினவங்களும் இந்த யூடியூபர்கள்ல நெறைய பேர், எனக்கு அது ரொம்ப பெரிய பாடமா பட்டுச்சு, யாரோட பொருளை நம்ம ஆளுங்க ஃபோன்ல ஏத்தச் சொல்றோம்னு பாத்துச் சொல்லணும். இந்த விஷயத்துலயும் கோட் தான் லிங்க்கை விட பாதுகாப்பு.

லிங்க்ல எனக்குக் காசு வரும்னு சொல்றதைப் பத்தி. நெறைய பேர் அதைச் சொன்னா ஜனங்க அமுக்க மாட்டாங்கன்னு பயப்படறாங்க. சொல்லித்தான் ஆகணும், அமெரிக்காவுல எஃப்டிசிங்கற நுகர்வோர் பாதுகாப்பு அரசு அமைப்போட வழிகாட்டு விதிகள் 2009-லயே பிளாகர்களையும் சேத்துக்கிச்சு, 2023-ல இன்னும் தெளிவாக்கினாங்க, மத்த பல நாட்டுலயும் இதே மாதிரி விதி இருக்கு, அமேசான் அவங்க பங்குக்கு ஒரு வாக்கியத்தை போட்டே ஆகணும்னு ஒப்பந்தத்துலயே வச்சிருக்காங்க. ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவுல ஒளிச்சு வச்சா செல்லாது, லிங்க்குக்குப் பக்கத்துலயே, படிக்கற மாதிரி, அவங்க பேசற மொழியிலயே இருக்கணும். நான் வீடியோ ஆரம்பத்துலயே "கீழ இருக்கற லிங்க்ல வாங்கினா எனக்கு ஒரு சின்ன பங்கு வரும், உங்களுக்கு வெலை மாறாது, இதை நான் காசு குடுத்து வாங்கினது"ன்னு சொல்லிடுவேன். கிளிக் குறையல. சில பேர் "உங்க லிங்க்ல தான் வாங்கணும்னு தேடி வந்தேன்க்கா"ன்னு எழுதறாங்க.

பொருள் விஷயத்துல நான் ரொம்ப மதிக்கற முன்மாதிரி வயர்கட்டர். 2011-ல ஆரம்பிச்ச தளம், ஒவ்வொரு வகையிலயும் சோதிச்சுப் பாத்து பெரும்பாலானவங்களுக்கு இது போதும்னு ஒண்ணை முதல்ல நிறுத்திச் சொல்லுவாங்க, வருமானம் பெரும்பாலும் அஃபிலியேட் கமிஷன். 2016-ல நியூயார்க் டைம்ஸ் அதை சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கினாங்க. பத்து பொருளை வரிசையா அடுக்கி பத்துக்கும் லிங்க் வைக்கறதை விட, ஒண்ணைச் சொல்லி, அது யாருக்குச் சரிப்படாதுன்னும் சொன்னா ஜாஸ்தி விக்குதுங்கறதை நானும் கண்ணால பாத்திருக்கேன். "உங்க ரூம்ல சத்தம் ஜாஸ்தின்னா இந்த மைக் வேணாம்"னு நான் சொன்ன வீடியோவுல தான் அந்த மைக் நல்லா வித்துச்சு.

அப்போ நீங்க எதை எடுக்கறது? கேமரா முன்னாடி பேச வரும், ஆறு மாசம் காசு வராம தாங்க முடியும்னா யோசிக்காம யூடியூப் நீள வீடியோ, கூட பெரிய கடை ஒண்ணோட லிங்க். ஏற்கனவே இன்ஸ்டாகிராம்ல ஆயிரம் ரெண்டாயிரம் பேர் நெஜமா பேசிக்கிட்டு இருக்காங்கன்னா அவங்களை விட்டுட்டு வேற எடத்துக்குப் போகாதீங்க, அங்கயே ஸ்டோரி, கோட், நீங்க தெனமும் பயன்படுத்தற ரெண்டு பிராண்டுகிட்ட நேரா பேசுங்க. பேசவும் வராது, முகமும் காட்ட முடியாது, ஆனா படம் நல்லா எடுப்பீங்கன்னா பின்டரெஸ்ட்டுக்கு ஒரு வருஷம் குடுங்க. அடுத்த மாசமே காசு வந்தாகணும்ங்கற நெலமைன்னா, மனசு விட்டு சொல்றேன், அஃபிலியேட் அதுக்கான வழி இல்ல, டீல் சேனல் கூட ஆள் சேர நாள் எடுக்கும், பணமும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வரும். அந்த நேரத்துல உங்க கைத்தொழிலை வச்சு யாருக்காவது வேலை செஞ்சு குடுக்கறது எவ்ளவோ மேல்.

என்னோடது இப்போ எப்படின்னா, மாசம் ரெண்டு நீள வீடியோ, அதுலேருந்து வெட்டின ஷார்ட்ஸும் ரீலும், ஸ்டோரியில கேள்வி பதில், ஒரு பெரிய கடை, ஒரு நெட்வொர்க், நேரடியா ரெண்டே ரெண்டு கம்பெனி. அதோட மாசத்துல மொத ஞாயித்துக்கெழமை பழைய லிங்க்கை எல்லாம் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்கறேன், நிறுத்தின மாடல் இருந்தா டிஸ்கிரிப்ஷன்ல எழுதிட்டு, அதுக்குப் பதிலா நான் பயன்படுத்திப் பாத்தது ஏதாவது இருந்தா மட்டும் அந்த லிங்க்கை வைக்கறேன், இல்லேன்னா "இப்போதைக்கு இதுக்கு மாத்து என்கிட்ட இல்ல"ன்னு போட்டு லிங்க்கை எடுத்துடறேன். போன மாசம் அந்த நாலு வருஷ மைக் வீடியோவுல இருந்த ரெண்டுல ஒரு மைக் நின்னுபோச்சு, புது மாடலை வாங்கி வச்சிருக்கேன், ஃபேனைப் போட்டு இன்னும் மூணு வாரம் பேசிப் பாக்கணும்.